மண்டகப்பட்டு வட்டாரப் புயல்களும் சுழற்காற்றும்

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிக் குடைவித்த கோயிலை எந்தக் காற்றும் அசைத்ததில்லை. சுற்றியுள்ள கூரைகளும் கரும்பும் அப்படியல்ல. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது.

சுழற்காற்று இதைவிடப் பன்மடங்கு கொடியது. (இரண்டையும் சூறாவளி என்றே எழுதுவது குழப்பந்தான்.) 1999 மே 3 அன்று அமெரிக்காவின் ஓக்லகோமாவில் ரேடார் அளந்த வேகம் 480 கி.மீ.க்கும் அதிகம். 1978 மார்ச் 17 அன்று டெல்லியைத் தாக்கிய சுழற்காற்று சில நிமிடங்களில் 28 உயிர்களைப் பறித்தது; அது சென்ற தடமோ ஒடுங்கிய கீற்று.

புயலின் பலம் பரப்பிலும் மழையிலும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த பெஞ்சல் புயலில் காற்று தானேயைவிட மெலிவு. ஆனால் அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது.