கட்டுமரமும் கல்வாவும்

மெல்பேர்னின் மேற்கே உள்ள ஆல்டோனா கடற்கரை ஆழமற்றது. கடல் வற்றியிருக்கும் வேளையில் படகை இறக்குபவர்கள் அதைச் சிறு சக்கரவண்டியில் ஏற்றி ஈரமணலில் தள்ளிப்போக வேண்டும். திரும்பும்போது சுக்கானை மேலே தூக்கிவிட்டு, தண்ணீரில் இறங்கிக் கையால் இழுத்துவர வேண்டும். இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்று கரையேறினால், நம்மில் பலர் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வது: "கட்டமரான் என்பது நம்முடைய கட்டுமரம்தான்."

சொல் நம்முடையதுதான். வடிவம் நம்முடையதல்ல. இரண்டு உடல்களை இணைத்துக் கடலோடும் மரபு பசிபிக் தீவினருடையது. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய மிதவை. அலை உடையும் சோழமண்டலக் கரைக்கு ஏற்றது. மேலே ஏறும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலரவைக்கலாம்.

அந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசென்றவர்களில் ஒருவர் வில்லியம் டாம்பியர். 1697இல் வெளிவந்த அவருடைய உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெறுகிறது. அதே நூலில் ஆஸ்திரேலியாவும் வருகிறது. 1688 ஜனவரியில் அவர் பயணித்த 'சிக்னெட்' கப்பல் வடமேற்குக் கரையில், இன்றைய கிங் சவுண்ட் பகுதியில் ஒதுங்கியது. அங்குள்ள டெர்பியில் கடல் ஏறி இறங்கும் உயரம் 10 மீட்டரையும் தாண்டும். பெரிய ஏற்றத்தின்போது கப்பலை மணற்கரைக்குள் கொண்டுவந்தார்கள். நீர் வடிந்ததும் அது தரையில் நின்றது. சுற்றிலும் ஏறத்தாழ அரை மைல் தூரம் வெறும் மணல். கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய அவகாசம் கிடைத்தது. மார்ச்சில் புறப்பட்டுப் போனார்கள்.

அந்தக் கரையில் கண்ட மக்களை டாம்பியர் மிக இழிவாக எழுதினார். தீவுக்குத் தீவு அவர்கள் நீந்துவதைப் பார்த்துவிட்டு, படகோ மிதவையோ அவர்களிடம் இல்லை என்றார். ஆனால் அப்பகுதியின் பார்டி மக்களிடம் 'கல்வா' என்ற மிதவை உண்டு. கண்டல் மரக் கழிகளை முளையடித்து இணைத்து, இரண்டு பகுதிகளை ஒன்றன்மீது ஒன்று படியவைத்துச் செய்வது. அந்த முரட்டு நீரோட்டங்களை அறிந்து, அதில் தீவுகளுக்கிடையே போய்வந்தார்கள்.

நம் மரத்துக்குப் பெயரோடு இடம் தந்த நூல், இந்த நாட்டு மரத்தை இல்லையென்று சொன்னது. நாம் குடியேறி வாழ்வது மரத்தை இழந்த பெயர்களும் பெயரை இழந்த மரங்களும் உள்ள நாட்டில். பிள்ளைகளிடம் கட்டுமரத்தின் கதையைச் சொல்லும்போது கல்வாவின் கதையையும் சேர்த்தே சொல்வோம்.