தோழி, தாய், மகள்: வியாக்கியான மரபில் பாத்திரங்களை உணர்ந்த வரலாறு



நம்மாழ்வார் அருளிச்செய்த திருவாய்மொழியின் 100 பதிகங்களுள் 27 பதிகங்கள் பெண்பேச்சாக அமைந்தவை. அவற்றுள் மகள் பேசுபவை 17, திருத்தாயார் பேசுபவை 7, தோழி பேசுபவை 3. இம்மூவரும் வேறுவேறு பெண்டிர் அல்லர், ஆழ்வார் ஒருவருடைய மூன்று நிலைகளே என்பது நம் ஆசாரியர்கள் துணிந்த பொருள். எம்பெருமானோடுள்ள உறவை உணர்ந்திருக்கும் நிலை தோழி. அவனே உபாயம் என்று துணிந்திருக்கும் நிலை தாய். பேற்றில் பதறும் நிலை மகள். திருமந்திரத்தின் மூன்று பதங்களும் முறையே இம்மூவருக்கும் பொருந்தும். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இதனைச் சூர்ணிகையாகச் சுருக்கி அருளினார்.

இப்பொருத்தத்தை இன்று நம் குழந்தைகளும் ஒப்பிக்கிறார்கள். அது மகிழத்தக்கதே. ஆயினும் உபந்யாஸங்களில் பலகாலும் இதிலிருந்தே தொடங்கி இதிலேயே முடித்துவிடுகிறார்கள். பாசுரத்தில் ஒரு பெண் அழுகிறாள்; அவள் அழுகையைக் கேட்பதற்கு முன்பே, இவள் நாராயணபதம் என்று சொல்லிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிராது. மற்றொரு பக்கத்தில், தமிழ் ஆராய்ச்சி செய்வோருள் சிலர், நம் உரையாசிரியர்கள் அகப்பாட்டின் மேல் தத்துவத்தை வலிந்து ஏற்றினர் என்கிறார்கள். இவ்விரு திறத்தாரும் ஒரே கருத்தில் நிற்கிறார்கள்: ஸ்வாபதேசம் என்பது பாத்திரத்தின் மேல் முதலிலேயே ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு என்பது அது. வியாக்கியானங்கள் பிறந்த அடைவைப் பார்த்தால் இக்கருத்து நிற்காது.

உரைகள் வளர்ந்த அடைவு

உடையவர் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளியது ஆறாயிரப்படி. அடுத்து நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி. நம்பிள்ளையின் நியமனத்தால் பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரப்படி அருளினார். நம்பிள்ளை காலக்ஷேபம் சாதித்ததைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் பதவுரையோடு பன்னீராயிரப்படி அருளினார். இந்த ஆயிரக்கணக்கு, 32 எழுத்துக் கொண்ட கிரந்தத்தை அளவாக வைத்து எண்ணியது.

ஆறாயிரம் முப்பத்தாறாயிரமானபோது வளர்ந்தது எது? ஸித்தாந்தம் பிள்ளான் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. அது ஆறு மடங்காக வேண்டிய அவசியமில்லை. வளர்ந்தவற்றுள் முக்கியமானது அவதாரிகை. இந்தப் பதிகத்தை இப்போது பேசுபவர் யார், முன்பதிகத்தில் தாமான தன்மையில் பேசியவர் இங்கே ஏன் பெண்ணானார், மகள் பேச்சு ஏன் தாய் பேச்சாயிற்று என்ற கேள்விகளுக்கு அவதாரிகை விடைசொல்லும். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஆழ்வார் அடியார் குழாத்தோடு கூட ஆசைப்படுகிறார். அடுத்த திருவாய்மொழியில் திருத்தாயார் பேசுகிறாள். ஆசை உடனே நிறைவேறாமையால் ஆழ்வார் மோகித்துத் தம் நிலையைத் தாமே பேசமாட்டாத அளவினரானார். ஆகவே தாய் வாயாலே பேச நேர்ந்தது என்று ஸங்கதி காட்டுவார்கள். குரல் மாறியதற்குக் காரணம் பேசியவருடைய நெஞ்சின் நிலை. இது பாத்திரத்தை உணரும் முறை. தத்துவம் பிறகே வருகிறது.

இந்த முறை ஏட்டில் மட்டும் வளர்ந்ததன்று. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் ஆயர்களுக்கு அப்பூச்சி காட்டும் பதிகம் உண்டு. உடையவர் திருமுன்பே அரையர் அதற்கு அபிநயம் பிடிக்கையில், உலகத்துப் பிள்ளைகள் செய்வதுபோல் கண்ணிமையை மடித்துக் காட்டினார். பின்னே நின்ற எம்பார் இரு கைகளையும் தோளருகே வைத்துச் சங்கசக்கரங்களைக் காட்டினார். அரையரும் அவ்வாறே பின்பற்றினார் என்பது ஐதிஹ்யம். எல்லாப் பிள்ளைகளும் காட்டும் பூச்சி வேறு, இந்தப் பிள்ளை காட்டும் பூச்சி வேறு. தன்னோடு விளையாடும் பிள்ளை நாராயணன் என்று கண்டால் ஆயர்பிள்ளைக்கு அச்சம் வருவது இயல்பு. பரத்துவம் இங்கே விளையாட்டின் உள்ளிருந்தே வெளிப்பட்டது; மேலிருந்து கொண்டுவந்து சேர்த்ததன்று.

மூவர் பேச்சு

தோழி பேசும் மூன்று பதிகங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில், மகளின் நோய் தீரக் கள்ளும் இறைச்சியும் வைத்து வேறு தெய்வங்களை வழிபட முயலும் தாயரைத் தோழி தடுத்து, எம்பெருமான் அடியாருடைய திருவடிப்பொடியே மருந்து என்கிறாள். ஆறாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில், இவளைத் தொலைவில்லிமங்கலத்துக்கு அழைத்துச் சென்றவர்கள் நீங்களே, இனி இவள்மேல் உங்களுக்கு ஆசை எதற்கு என்கிறாள். எட்டாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், வேறு மணம் பேச வேண்டா, இவள் திருப்புலியூர்ப் பெருமானுக்கே ஆனவள் என்று வெளியிடுகிறாள். வெறி விலக்கலும் அறத்தொடு நிற்றலும் பழந்தமிழ் அகத்துறைகள். அங்கும் தோழியின் வேலை, முன்பே உண்டான உறவைத் தாய்க்கு அறிவிப்பது. தோழி எந்த உறவையும் புதிதாக உண்டாக்குவதில்லை, இருப்பதை உணர்த்துகிறாள். ஜீவனுக்கும் ஈசுவரனுக்கும் உள்ள உறவும் நாம் உண்டாக்குவதன்று, உணரவேண்டுவதே. ஆசாரியர்கள் தோழியை ஸம்பந்த உணர்வாகக் கண்டது தமிழ்த் தோழியின் தொழிலை நன்கு அறிந்தமையாலேயே.

தாயின் நிலை அவ்வளவு எளிதன்று. ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில் அவள் மகளைத் திருவரங்கத்தில் பெருமாள் திருமுன்பே கிடத்தி, இவள் விஷயத்தில் உன் திருவுள்ளம் என்ன என்று கேட்கிறாள். மருந்து தேடவில்லை, மகளுக்கு அறிவுரை சொல்லவில்லை, மகள் சொன்னவற்றையும் செய்தவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அவனிடமே விண்ணப்பிக்கிறாள். கைமுதல் ஒன்றுமில்லாதவளுடைய பேச்சு இது. உபாயத் துணிவு என்பதற்கு இதைவிட நேரான உருவம் வேண்டுமோ?

ஆனால் அதே தாய் ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் தடுமாறுகிறாள். விடிந்து பார்த்தால் மகளைப் படுக்கையில் காணவில்லை. பூவையும் கிளியும் பந்தும் சிறுபானைகளும் கிடக்கின்றன. மகள் திருக்கோளூருக்கே போயிருப்பாள் என்று தாய்க்கு ஐயமில்லை. அகப்பாட்டில் உடன்போக்கு உண்டு. அங்கே தலைவி தலைவனோடு போவாள். இங்கே அவள் தனியே போகிறாள், அவனிருக்கும் ஊரைத் தேடி. அலர் தூற்றும் பெண்டிரும் அயற்சேரியாரும் இவளை வரம்பு கடந்தவள் என்பார்களோ, குணம் மிக்கவள் என்பார்களோ என்று தாய் கலங்குகிறாள்.

இந்த ஒரு கலக்கத்தில் ஸம்பிரதாயத்தின் ஒரு பெருங்கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. அவனே உபாயமாகில் அவன் வருமளவும் இருப்பதே நமக்கு முறை. தாயின் துணிவு அதுவே. அவனே பேறாகில் அவனைப் பிரிந்து ஆறியிருக்க ஒண்ணாது. மகளின் பதற்றம் அதுவே. இருப்பதும் ஸ்வரூபம், பதறுவதும் ஸ்வரூபம். ஆழ்வார் இரண்டில் ஒன்றை விலக்கவில்லை. இரண்டையும் ஒரு வீட்டில் தாயும் மகளுமாக வைத்தார். நம: என்றும் நாராயணாய என்றும் பொருத்தம் மட்டும் கற்றவனுக்கு இரண்டு பதங்கள் கிடைக்கும், அவற்றினிடையே உள்ள இந்தத் தவிப்புக் கிடைக்காது.

தூதுபோகும் பறவைகள்

பாத்திரங்களைப் போலவே உருவகங்களும் இம்முறையில் வைத்து உணரத்தக்கவை. பறவை ஆசாரியன், சிறகிரண்டும் ஞானமும் அனுஷ்டானமும் என்பது பிரஸித்தம். முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் தலைமகள் நாரை, குயில், அன்னம், மகன்றில், குருகு, வண்டு, கிளி, பூவை என்று ஒவ்வொன்றாக இரக்கிறாள். பிறகு வாடைக்காற்றை இரக்கிறாள். கடைசியில் எஞ்சியது தன் நெஞ்சு ஒன்றே, அதனோடு பேசுகிறாள். இந்த அடைவில் அவளுடைய தனிமை பாட்டுக்குப் பாட்டு நெருங்கி வருகிறது. இடையே பூவையை நோக்கி, என் நிலை இதுவாயிற்று, இனி உன் அலகில் இன்னடிசில் வைப்பாரை வேறே தேடிக்கொள் என்கிறாள். தான் முடியப்போவதைச் சொல்லும்போதும் தான் வளர்த்த பறவையின் பசிதான் அவள் நினைவில் நிற்கிறது. பூவை ஆசாரியன் என்னும் ஸ்வாபதேசத்தை இதன் பின்னே சொன்னால், ஆசாரியனுடைய தேகயாத்திரையில் சீடனுக்குள்ள பரிவும் கூடவே விளங்கும். முன்னே சொல்லிவிட்டால் அந்தப் பரிவு கண்ணில் படாது.

திருவாய்மொழியில் தூதுப் பதிகங்கள் நான்கு. எம்பெருமான் வாராமைக்கு ஆழ்வார் நான்கு காரணங்களை நினைத்து, அந்நான்குக்கும் ஈடாக நான்கு குணங்களை நினைப்பூட்டுகிறார் என்று நாயனார் அடைவு காட்டுவார். முதல் தூதில் தம் பிழை காரணம்; நினைப்பூட்டுவது அவன் பொறை. ஆறாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் திருவண்வண்டூரின் செல்வச் சிறப்பு காரணம். நினைப்பூட்டுவது அடியாரைக் காக்கும் தீக்ஷை. அதே பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் அவனுடைய உடைமையின் பரப்புக் காரணம், நினைப்பூட்டுவது ஸாரஸ்யம். ஒன்பதாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் திருமூழிக்களத்தில் தமரோடு கூடி வாழும் வாழ்வு காரணம், நினைப்பூட்டுவது வடிவழகு.

இந்நான்கையும் ஒரு பெண்ணின் நெஞ்சு கடந்துவந்த வழியாகப் பார்த்தால் அடியேனுக்கு இவ்வாறு தோன்றுகிறது. தொடக்கத்தில் அவள், அவன் வாராமைக்குத் தன் குற்றத்தையே காரணமாக நினைத்தாள். முடிவில் தன் குற்றம் நினைவிலிருந்து நீங்கிவிட்டது. அவன் தன் அடியாரோடு இனிதிருக்கிறான் என்பதே காரணமாகத் தெரிகிறது. பொறுத்தருள்க என்று தொடங்கிய தூது, உன் அழகை விட்டு எங்களால் இருக்க முடியாது என்பதில் வந்து நிற்கிறது. பிரிவிலேயே பக்தி முதிர்ந்ததற்கு இது சான்று. நாயனார் காட்டிய பட்டியல் வெறும் பட்டியலாக இல்லாமல், பாத்திரத்தின் வரலாறாகவே அமைந்திருக்கிறது.

தந்தை விரித்ததும் மகன் சுருக்கியதும்

நாயனார் யார்? ஈட்டை ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் இளைய திருக்குமாரர். பிள்ளை லோகாசாரியரின் திருத்தம்பியார். முப்பத்தாறாயிரம் கிரந்தமாக விரிந்த பொருள் ஏறிய வீட்டிலேயே 234 சூர்ணிகைகளாகச் சுருங்கிய ஆசார்ய ஹ்ருதயமும் பிறந்தது. விரிவைத் தினமும் கேட்டவர்களுக்கு நினைவில் நிறுத்தப் பிறந்தது அந்தச் சுருக்கம். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு பதிகத்தின் அழுகை நிற்கிறது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். விரிவைக் கேளாமலே சுருக்கத்தைப் பெறுவது அவர் திருவுள்ளத்தில் இருந்திராது.

1323-ல் திருவரங்கம் படையெடுப்புக்கு ஆளானபோது பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சென்று ஜ்யோதிஷ்குடியில் திருநாடு எய்தினார். ஈடோ ஈயுண்ணி மாதவர் தொடங்கி ஒரு வழியாகவே வந்து, நாலூராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப் பிள்ளை வாயிலாக மணவாள மாமுனிகளை (1370–1443) அடைந்தது. மாமுனிகள் ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வியாக்கியானம் அருளினார். ஈட்டை நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக் காலம் காலக்ஷேபம் சாதித்தார். திருவாய்மொழி நூற்றந்தாதியில் ஒவ்வொரு பதிகத்துக்கும் ஒரு வெண்பா வைத்து அவ்வப்பதிகத்தின் நிலையைக் காட்டினார். சுருக்கத்தை மட்டும் காத்தால் போதுமென்று அவர் நினைத்திருந்தால், அரிய ஈட்டை அத்தனை பாடுபட்டுப் பரப்பியிருக்க மாட்டார்.

இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் முத்துக்குறி ஸேவிக்கப் பெற்றவர்கள் இதனைக் கண்ணால் காணலாம். திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தில் 30 பாசுரங்கள். முதற்பத்து தாமான தன்மை, இரண்டாம் பத்து தாய் பேச்சு, மூன்றாம் பத்து மகள் பேச்சு. முத்துக்குறியில் தாயாகவும் மகளாகவும் கட்டுவிச்சியாகவும் அரையர் ஒருவரே நிற்கிறார். தலையில் அதே குல்லாய், கையில் அதே தாளம். வேடம் மாறுவதில்லை, பாவம் மாறுகிறது. ஒருவரே மூவராயினர் என்பது இங்கே வாதமின்றி விளங்கும். அதே நேரத்தில் தாய் தாயாகவும் மகள் மகளாகவும் முழுமையாக நிற்கிறார்கள். ஒருவர் மற்றொருவரில் கரைந்துவிடவில்லை.

அடியேன் தகப்பனார் திருவடிவாரத்தில் காலக்ஷேபம் கேட்ட நாள்களில், ஒரு பதிகத்துக்கு ஸ்வாபதேசம் சொல்லப் புகுந்தால், இது யார் பேச்சு, யாரை நோக்கிய பேச்சு, எந்த நிலையில் பிறந்த பேச்சு என்று மூன்று கேள்விகள் கேட்பார். விடை சொல்லாமல் மேலே போக விடமாட்டார். இம்மூன்றும் அவதாரிகைகளிலிருந்தே எடுத்தவை என்பது பின்னர் விளங்கிற்று. இப்போது ஸந்தை சொல்லிவைக்கும் பெரியோர்களும் பொருத்தத்தைக் கற்பிப்பதற்கு முன் இம்மூன்றையும் கேட்டுப் பழக்குவார்களாக. அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளைக்குத் தோழி, தாய், மகள் என்ற மூன்று பெயர்களும் வெறும் குறியீடுகளாகா. அவை வழியே ஆழ்வாரின் திருவுள்ளம் புலப்படும். ஆசார்ய ஹ்ருதயம் என்னும் திருநாமமும் அந்தத் திருவுள்ளத்தையே குறிக்கிறது.