கட்டடத்துக்கு முன்பே எழுந்த நீதிமன்றங்கள்

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் எழுப்பப்பட்டது. பாரிமுனையில் இன்று காணும் செந்நிறக் கட்டடமோ 1892இல்தான் திறக்கப்பட்டது. இரண்டுமே சரியான தகவல்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே கதைதான். நீதிமன்றங்கள் 1862இல் எழுந்தன. அவற்றுக்கான மாளிகைகள் முறையே 1872இலும் 1878இலும் எழுந்தன. கல்லும் சுண்ணாம்பும் இன்றி எழுந்த அந்த முதல் எழுச்சியைக் குறிக்க, பிரித்தானிய நாடாளுமன்றம் 1861இல் இயற்றிய இந்திய உயர் நீதிமன்றங்கள் சட்டம் கையாண்ட வினை ‘இரெக்ட்’ என்பது.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லைக் கேட்டதும் தூணோ கம்பமோ சிலையோதான் நினைவுக்கு வரும். பெயரடையாக வரும்போது நிமிர்ந்த நிலையைக் குறிக்கும். ஜாவாவில் கிடைத்த தொல்மனிதப் புதைபடிவத்துக்கு யூஜின் டூப்வா 1894இல் சூட்டிய பெயரில் உள்ள ‘எரெக்டஸ்’ இப்பொருளதே. ஆயினும் சட்ட ஆங்கிலத்தில் இவ்வினைக்கு நெடுங்காலமாக வேறொரு வாழ்வு உண்டு. மன்னர் ஓர் ஆணையால் நகராட்சியை, கல்லூரியை, நீதிமன்றத்தை எழுப்புவார். கத்தோலிக்கத் திருச்சபை மறைமாவட்டங்களைப் பற்றி இன்றும் இவ்வாறே பேசுகிறது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இல் இவ்வகையில் எழுப்பப்பட்டதே.

சொல்லின் மூலம் இலத்தீன் ‘எரிகெரெ’. வெளியே, மேலே என்னும் பொருள்தரும் முன்னொட்டும் ‘ரெகெரெ’ என்னும் வினையும் சேர்ந்தது அது. ‘ரெகெரெ’ என்றால் நேராகச் செலுத்துதல். ஆளுதல் என்பதும் அதன் பொருளே. மன்னனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’, நேர்மையைக் குறிக்கும் வடமொழி ‘ருஜு’ ஆகியவையும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வேர்ப்பொருளே வழக்குப்பொருள் என்று வாதிடுவது மொழியியலில் பழைய பிழை. அதை இங்கே செய்யவேண்டியதில்லை. ஆனால் எழுப்புதலும் ஆளுதலும் ஒரே சொல்லுக்குள் அருகருகே கிடந்தன என்பதைச் சட்ட ஆவணங்களே காட்டுகின்றன.

தமிழ் வேறு வழியில் சென்றது. ‘நிறுவு’, ‘நிறுத்து’ ஆகிய இரண்டும் ‘நில்’ என்பதன் பிறவினைகள். சிலையையும் நிறுவலாம், கழகத்தையும் நிறுவலாம், கருத்தையும் நிறுவலாம். ‘எழுப்பு’ அவ்வளவு தூரம் வராது. நீதிமன்றத்தை எழுப்பினர் என்று தமிழில் எழுதினால் படிப்பவர் கொத்தனாரைத் தேடுவார். இக்கட்டுரையின் முதல் வாக்கியம் உறுத்துவதும் அதனால்தான்.

1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லாட்சி புதிதன்று. 1773இன் ஒழுங்குமுறைச் சட்டம், கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் ஓர் உச்ச நீதிமன்றத்தை எழுப்பி நிலைநாட்ட மன்னருக்கு அதிகாரம் அளித்தபோதே ‘இரெக்ட் அண்ட் எஸ்டாப்ளிஷ்’ என்ற இணைச்சொற்கள் வந்துவிட்டன. 1774இல் சாசனம் பிறந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் நீதிபதிகள் கடல் கடந்து வந்து சேர்ந்தனர். 1775இல் அந்த நீதிமன்றம் வங்காளத்தின் மகாராஜா நந்தகுமாரைப் போலி ஆவணக் குற்றத்துக்காகத் தூக்கிலிடத் தீர்ப்பளித்தது. போலி ஆவணத்துக்கு மரணதண்டனை என்பது இங்கிலாந்தின் சட்டம்; அது கல்கத்தாவில் ஓர் இந்தியரைக் கட்டுப்படுத்துமா என்பதே பின்னாளில் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மீது நாடாளுமன்றத்தில் எழுந்த குற்றச்சாட்டுகளின் நடுவே நின்றது. 1788இல் அவர் தப்பினார். தாளில் எழுப்பப்பட்ட ஒன்றுக்கு ஓர் ஆண்டுக்குள் எவ்வளவு எடை ஏறிவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகு இச்சொல் அரசின் வாயிலிருந்து குடிமகனின் வாசலுக்கு வந்தது. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தில் 331ஆம் பிரிவு ‘கட்டடம் எழுப்புதல்’ என்பதை வரையறுக்கிறது. புதுக்கட்டடம் முதலில் வருகிறது. பாதிக்கு மேல் இடிந்தோ எரிந்தோ போனதைத் திரும்பக் கட்டுவதும் அதில் அடங்கும். இதுவரை அகராதி உடன்படும். அதன்பின் வரையறை வேறு திசையில் நடக்கிறது. ஒரே குடியிருப்பாகக் கட்டிய வீட்டைப் பல குடியிருப்புகளாக மாற்றுவதும் எழுப்புதலே. வேறு நோக்கத்துக்காகக் கட்டியதை வழிபாட்டிடமாக்குவதும், கடையாகவோ கிடங்காகவோ ஆக்குவதும் எழுப்புதலே.

செங்கல் ஒன்றுகூட உயரவில்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் ஒரு கட்டடம் எழுந்துவிட்டது. 1861இன் எழுப்புதலுக்கும் இதற்கும் இலக்கண ஒற்றுமை வெளிப்படை: இரண்டிலும் மாறுவது பொருளன்று, பொருளின் தகுதி. எழுவாய்தான் வேறு. அங்கே எழுப்புபவர் அரசி. அவருக்கு நாடாளுமன்றம் அதிகாரம் தந்தது. இங்கே எழுப்புபவர் வீட்டுக்காரர். 332ஆம் பிரிவின்படி அவர் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்கவேண்டும். பெறாதவரின் கட்டுமானத்தை இடிக்க ஆணையிடும் அதிகாரம் 343ஆம் பிரிவில் இருக்கிறது. முன்னறையைக் கடையாக்கியவர் நாளை அறிவிக்கை பெற்றால், ‘நான் எதையும் எழுப்பவில்லையே’ என்று அவர் சொல்லும் விடை பேச்சுவழக்கில் முற்றிலும் உண்மையாக இருக்கும். வரையறைப் பிரிவின் முன் அது செல்லாது.