இல்லமிழந்த வெட்டுக்கிளி: ஒரு சித்திரப்பட நாயகனும் அவனைப் படைத்த கலையகமும்

கேலிச்சித்திரத் திரைப்படங்களைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுதல் வரலாற்று மாணவர் பலரின் வழக்கமாகும். எனினும், அரச ஆவணங்களும் கல்வெட்டுகளும் கூறாது விடுகின்ற சிலவற்றை இத்தகைய படங்கள் கூறிவிடுவதுண்டு. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'மிஸ்டர் பக் கோஸ் டு டவுன்' என்னும் முழுநீளச் சித்திரப்படம் அத்தகையதொன்று. மக்ஸ் பிளெய்ஷர் தயாரித்து, அவருடைய தம்பி டேவ் பிளெய்ஷர் நெறிப்படுத்திய இப்படத்தின் நாயகன் ஹொப்பிட்டி என்னும் வெட்டுக்கிளி. அவனது கதையையும் அவனைப் படைத்த கலையகத்தின் கதையையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூயோர்க் நகரின் புரோட்வே வீதியை அண்டிய ஒரு வீட்டுத் தோட்டத்திலே பூச்சிகள் கூடி வாழ்கின்றன. வேலி உடைந்துவிட்டமையால் வழிப்போக்கர் அத்தோட்டத்தினூடே நடக்கத் தொடங்குகின்றனர். அவர்களுடைய பாதங்களும், அவர்கள் எறியும் சிகரெட்டுத் துண்டுகளும் பூச்சிகளின் குடியிருப்பைச் சிதைக்கின்றன. வெளியூர் சென்று திரும்பிய ஹொப்பிட்டி, தன் அயலவர்க்கு ஒரு புகலிடந் தேட முனைகிறான். தேனீயின் மகளை மணக்க விரும்பும் செல்வனான வண்டு ஒன்று அவனுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கிறது. வீட்டுரிமையாளரோ வறிய பாடலாசிரியர். பாடலுக்கான காசோலை வந்தாலன்றி வீட்டைக் காக்க இயலாதவர். அக்காசோலையை வண்டு மறைத்துவிட, வீடு பறிபோகிறது. அவ்விடத்தில் வானளாவிய கட்டடம் எழத் தொடங்குகிறது. ஈற்றில் ஹொப்பிட்டி தன் கூட்டத்தாரை அக்கட்டடத்தின் உச்சிக்கே அழைத்துச் செல்கிறான். காலந்தாழ்ந்து வந்துசேர்ந்த பணத்தால் அங்கே அமைந்த தோட்டம் அவர்களுக்கு வாழிடமாகிறது.

இப்படத்தின் பெயர் 1936இல் பிராங்க் கப்ரா நெறிப்படுத்திய 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்னும் படத்தை நினைவூட்டுவது. செல்வரின் சூழ்ச்சியை எளியவனின் நேர்மை வெல்லும் என்னும் நம்பிக்கை பொருளாதார மந்த காலத்து அமெரிக்கப் படங்கள் பலவற்றிற்குப் பொதுவானது. ஹொப்பிட்டி அந்த மரபின் வழித்தோன்றலே. ஆனால் அவனைப் படைத்தோரின் அனுபவம் வேறாக அமைந்தது.

பிளெய்ஷர் சகோதரர் சாமானியரல்லர். நடிகரின் அசைவைப் படம்பிடித்து, அதன்மேற் கோடு வரைந்து சித்திரமாக்கும் 'ரொட்டோஸ்கோப்' என்னும் கருவிக்கு மக்ஸ் 1917இல் ஆக்கவுரிமை பெற்றார். பெட்டி பூப், பொப்பாய் முதலிய பாத்திரங்களைத் திரையில் உலவவிட்டோரும் இவர்களே. 1937இல் இவர்களது நியூயோர்க் கலையகத்தில் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்த அப்போராட்டம் தொழிற்சங்கத்தின் ஏற்புடன் முடிவுற்றது. மறு ஆண்டே கலையகம், தொழிற்சங்கச் செல்வாக்குக் குன்றிய புளோரிடாவின் மயாமி நகருக்கு இடம்பெயர்ந்தது. இதற்கான நிதி, படங்களை விநியோகித்த பரமவுண்ட் நிறுவனத்திடமிருந்து கிடைத்தது. டிஸ்னியின் 'ஸ்னோ வைற்' ஈட்டிய வெற்றியைக் கண்ட பரமவுண்ட், முழுநீளப் படங்களை வேண்டி நின்றது. 1939இல் 'கலிவரின் பயணங்கள்' வெளிவந்தது. அவ்வாண்டு மூண்ட ஐரோப்பியப் போரினால் வெளிநாட்டுச் சந்தை சுருங்கிற்று. செலவும் கடனும் ஏறின. 1941இல் கலையகத்தின் ஆதிக்கம் பரமவுண்டின் கைக்கு மாறியது. சகோதரரிடையே பகைமை முற்றிப் பேச்சும் அற்றுப்போயிற்று.

ஹொப்பிட்டியின் படம் 1941 டிசெம்பரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அம்மாதம் 7ஆந் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. படம் வருவாயின்றி வீழ்ந்தது. சகோதரர் இருவரும் கலையகத்தை விட்டு நீங்கினர். 1942இல் அது 'பேமஸ் ஸ்ரூடியோஸ்' எனப் பெயர் மாற்றம் பெற்று, பின்னர் நியூயோர்க்கிற்கே திரும்பிற்று.

இவ்வீழ்ச்சிக்குப் பேர்ள் துறைமுகத் தாக்குதலே காரணமெனக் கூறுதல் எளிது. அது காலத்தால் நெருங்கிய நிகழ்ச்சியைக் காரணமாகக் கொள்ளும் பிழையாகும். குண்டு விழுமுன்னரே கலையகம் பிறருடைமையாகிவிட்டது என்பது நோக்கற்பாலது. கடன், கருத்துவேற்றுமை, ஊழியருடனான பிணக்கு என்பன அடித்தளத்தை அரித்திருந்தன. போர் இறுதி அடியை மட்டுமே கொடுத்தது.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகிறது. அயலவரை ஒன்றுதிரட்டி வழிநடத்தும் வெட்டுக்கிளியைப் படைத்த அதே கலையகம், தன் ஊழியர் ஒன்றுதிரண்டபோது அதனை விரும்பவில்லை. அதுமட்டுமன்று. படத்திற் பூச்சிகளின் வாழ்வு ஒரு காசோலையிற் தங்கியுள்ளது. மனிதரோ அவற்றிற்குப் பெரும்பாலும் கால்களாகவும் கைகளாகவுமே தென்படுகின்றனர். நிலத்தின் விதியைத் தீர்மானிப்போரை அந்நிலத்தில் வாழ்வோர் முகங்கொண்டு காண்பதில்லை. படைத்தோர் இதனைக் கருதிச் செய்தனர் எனத் துணிதற்கில்லை. ஆயினும், அவர்தம் தொழிலின் விதியும் வேறெங்கோ எழுதப்பட்ட ஒப்பந்தங்களிலேயே தங்கியிருந்தது. மயாமியில் மேசைமுன் அமர்ந்து வரைந்த ஓவியர்க்கும் அம்முடிவுகளில் இடமிருக்கவில்லை.

படம் தன் முடிவில் ஓர் உச்சித் தோட்டத்தை வழங்குகிறது. அது எளியோரின் முயற்சியால் மட்டும் கிடைத்ததன்று. நல்லுள்ளங்கொண்ட ஒருவரின் கைக்குப் பணம் வந்தமையாற் கிடைத்தது. ஹொப்பிட்டியின் துணிவு வழியைக் காட்டிற்று. வாழிடத்தைப் பணமே தந்தது. அப்பணம் வராதிருந்தால் அக்கூட்டத்தின் கதி என்னவென்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. பிளெய்ஷர் கலையகத்தின் வரலாறு அவ்வினாவுக்கு விடையாக நிற்கிறது. நகரங்கள் மேலெழுந்தோறும் கீழே வாழ்வோர் எங்குச் செல்வர் என்னும் கேள்வி 1941உடன் முடிந்துவிடவில்லை. அதனாலேயே இச்சிறு வெட்டுக்கிளி வரலாற்று மாணவரின் கவனத்திற்கும் உரியவனாகிறான்.