ஷீலேயின் மூன்று சரக்குகளும் அமெரிக்கக் கொல்லைப்புறமும்

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க வீட்டின் பின்கதவைத் திறந்தால் உடனே புல்தரை வராது. பலகைகளைச் சிறு இடைவெளி விட்டு அடித்த ஒரு மேடை வரும். அதன் மேல் நாலு நாற்காலி, கறி சுடும் அடுப்பு, ஓரமாக ஒரு நாய். நம்மூர்த் திண்ணையைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப்போய் மரத்தில் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அதற்கு டெக் என்று பெயர். கப்பலின் மேல்தளத்துக்கு இருக்கும் அதே பெயர்தான்.

மழை, வெயில், பனி மூன்றும் அதன் தலையில்தான் விடியும். புதிதாகப் போட்டபோது தேன் நிறத்தில் இருக்கும் பலகை, ஓரிரு வருடத்தில் சாம்பல் பூத்துவிடும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சியிருக்கும் நாரில் பூஞ்சை பிடிக்கிறது. ஆணி அடித்த இடங்களில் கறுப்பாக ஒரு கறை இறங்கும். ஆணியின் இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்து உண்டாவது அது. அந்தக் காலத்தில் எழுதும் மை தயாரித்ததும் இதே சேர்க்கையில்தான். அதாவது பலகை தனக்குத் தானே மை ஊற்றிக்கொள்கிறது!

இதைச் சரிசெய்ய அமெரிக்கக் கடைகளில் இரண்டு வகை டப்பாக்கள் கிடைக்கும். ஒன்று கிளீனர், அழுக்கையும் பூஞ்சையையும் எடுப்பது. மற்றது பிரைட்டனர், நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது. முதல் டப்பாவில் பல சமயம் குளோரின் வகை பிளீச் இருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் ஆக்சாலிக் அமிலம். இது போக, பலகை 2004-க்கு முந்தியது என்றால் அதற்குள்ளேயே தாமிரமும் ஆர்சனிக்கும் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆர்சனிக் என்றால் நம் பாட்டிமார் பாஷாணம் என்று சொன்ன சரக்கின் மூலப்பொருள்.

குளோரின், ஆக்சாலிக் அமிலம், தாமிர ஆர்சனிக். இந்த மூன்றின் ஜாதகத்தையும் புரட்டினால் ஒரே மனிதரிடம் போய் நிற்கிறது. பெயர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. தொழில், மருந்துக்கடை.

அவரிடம் போவதற்கு முன் கப்பலுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். பாய்மரக் கப்பல் காலத்தில் தளத்தை வெளுக்க ரசாயனம் எதுவும் கிடையாது. தண்ணீர், மணல், ஒரு மெத்தென்ற மணற்கல், மாலுமியின் முழங்கால் இவ்வளவுதான் முதலீடு. மண்டியிட்டுத் தேய்க்க வேண்டியிருந்ததாலோ என்னவோ அந்தக் கல்லுக்குப் 'புனிதக் கல்' என்று பெயர் வந்தது. பெரிய கல்லைப் பைபிள் என்றும், மூலைமுடுக்கில் தேய்க்கும் சிறிய கல்லைப் பிரார்த்தனைப் புத்தகம் என்றும் பிரிட்டிஷ் மாலுமிகள் கிண்டலாக அழைத்தார்கள். தேய்க்கத் தேய்க்கப் பலகை வெளுக்கும், கூடவே மெலியும். ஆனாலும் யாரும் விஷத்தில் சாகவில்லை. முழங்கால்தான் போனது.

இப்போது ஷீலே. 1742-ல் ஷ்ட்ரால்சுண்ட் நகரில் பிறந்தவர். இன்று அது ஜெர்மனி, அன்று ஸ்வீடன் வசம். சின்ன வயதிலேயே மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்து, கடைசியில் ஸ்வீடனின் ஷோப்பிங் என்ற சிற்றூரில் சொந்தமாகக் கடை நடத்தினார். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. மருந்து மடித்துக் கொடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் கண்டுபிடித்ததை எல்லாம் எழுதினால் பிளாக் தாங்காது. நமக்கு வேண்டியது மூன்று வருடக் கணக்கு மட்டும்.

1774-ல் ஒரு மாங்கனீசுத் தாதுவுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துப் பசுமஞ்சள் நிற வாயு ஒன்றை எடுத்தார். மூச்சை அடைத்தது. பூக்களையும் இலைகளையும் அது வெளுத்ததையும் குறித்து வைத்தார். அதற்குக் குளோரின் என்று பெயர் வைத்தவர் டேவி, அது 1810-ல். 1775-ல் தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் சேர்த்து அழகான பச்சைச் சாயம் செய்தார். பின்னாளில் 'ஷீலே பச்சை' என்று சுவர்க் காகிதங்களில் எல்லாம் ஏறி, விஷம் என்று கெட்ட பெயர் வாங்கியது அதுதான். 1776-ல் சர்க்கரையை நைட்ரிக் அமிலத்தோடு காய்ச்சியதில் வெள்ளைப் படிகமாக ஓர் அமிலம் வந்தது. புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு. புளியாரைச் செடியின் இனத்தில் இயற்கையாக இருக்கும் அமிலமும் இதுவும் ஒன்றே என்று 1784-ல் அவரே காட்டினார். அந்தச் செடியின் லத்தீன் பெயரான ஆக்சாலிஸ்தான் ஆக்சாலிக் ஆனது. நம்மூர் வரப்பில் முளைக்கும் புளியாரையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் புளிப்பு ஏற்கெனவே பழக்கம் :)

1786-ல் ஷீலே இறந்தபோது வயது 43. மூன்று சரக்கும் ஒன்றை ஒன்று சந்திக்க இன்னும் இருநூறு வருடம் இருந்தது.

ஆக்சாலிக் அமிலத்தின் கதை கொஞ்சம் சோகமானது. இரும்புக் கறையை எடுப்பதில் அதற்கு இணை குறைவு. இரும்பை இறுகப் பிடித்து, தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிக் கழுவிவிடும். அதனால் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மைக்கறை, துருக்கறை, வைக்கோல் தொப்பி, பூட்ஸின் மேல்பட்டை, பித்தளை என்று எல்லாவற்றுக்கும் வாங்கினார்கள். விற்றது மருந்துக்கடையில். அதே கடையில், பக்கத்து ஜாடியில் எப்சம் உப்பு இருக்கும். அதாவது பேதி உப்பு. இரண்டும் நிறமற்ற ஊசி ஊசியான படிகம். இரண்டும் மலிவு. இரண்டையும் வெறும் காகிதத்தில் மடித்துத்தான் கொடுப்பார்கள்.

மிச்சத்தை ஊகித்திருப்பீர்கள். காலையில் பேதி உப்பு என்று நினைத்துத் தண்ணீரில் கலக்கி ஒரே மடக்கில் குடித்தவர்கள் பலர் எழுந்திருக்கவே இல்லை. ஒன்று கடும் புளிப்பு, இன்னொன்று கசப்பு. நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும் என்று சொல்வது எளிது. மருந்து என்றால் எப்படியும் நன்றாக இருக்காது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிசனும் குவாண்டேயும் 1823-ல் இந்த விஷத்தைப் பற்றி முறையாக ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுண்ணாம்புச் சத்து இந்த அமிலத்தோடு சேர்ந்தால் கரையாத பொருளாகி ஒதுங்கிவிடும், எனவே சாக்குத்தூளும் மக்னீசியாவும் மாற்று மருந்து என்பது அன்றைய வழக்கம். அமிலம்தானே, காரத்தைக் கொடுத்து முறிக்கலாம் என்று சோடாவையோ பொட்டாஷையோ கொடுத்தால் பயனில்லை. அப்போது உண்டாகும் உப்பும் கரையும், அதுவும் விஷம். (இது அன்றைய வைத்தியம். இன்று யாராவது விழுங்கிவிட்டால் ஒரே வழி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான்.)

இந்த அமிலத்தின் உப்பு ஒன்றை 'எலுமிச்சை உப்பு' என்ற பெயரில் கறை போக்க விற்றார்கள். எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மார்க்கெட்டிங் வகுப்பில் பிராண்ட் பெயர் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தருவார்களே, அதற்கு இதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது.

சர்க்கரையிலிருந்து செய்த வரை விலை கொஞ்சம் கட்டுக்குள் நிறுத்தியது. அதையும் உடைத்தது மரத்தூள். மரத்தூளைக் காட்டமான காரத்தோடு சேர்த்துச் சுட்டால் இந்த அமிலத்தின் உப்பு கிடைக்கும் என்று 1829-லேயே கே-லுசாக் காட்டியிருந்தார். 1850-களில் இங்கிலாந்தில் டேல் என்பவர் அதைத் தொழிற்சாலை முறையாக்கினார். மர அறுவை மில்லின் கழிவில் செய்த பொருள், திரும்ப மரத்தையே வெளுக்க வந்தது. விலை இறங்கியது, வீட்டுக்கு வீடு நுழைந்தது. சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1868-ன் பிரிட்டிஷ் மருந்தகச் சட்டம் ஆக்சாலிக் அமிலத்தை விஷப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் பொருளின் பெயர், 'விஷம்' என்ற சொல், விற்றவர் பெயர், முகவரி இத்தனையும் பொட்டலத்தின் மேல் இருந்தாக வேண்டும். இன்றும் இந்த மாதிரி டப்பாவில் இருப்பதைப் பழைய தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றக்கூடாது என்பார்கள். காகிதப் பொட்டலத்தில் போன உயிர்கள்தான் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம்.

குளோரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெர்த்தோலே 1785 வாக்கில் அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார். கிளாஸ்கோவின் டென்னன்ட் 1799-ல் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டில் அது திரவ பிளீச்சாகப் பாட்டிலில் ஏறிச் சமையலறைக்கு வந்தது. மரத்தில் ஊற்றினால் பூஞ்சை சாகும். கூடவே லிக்னினையும் தின்னும். காகித ஆலையில் கூழை வெளுப்பதும் இதே வேலைதான். அதனால் அதிகம் ஊற்றிய டெக், கழுவிக் காய்ந்த பிறகு பஞ்சு பஞ்சாக நார் எழுந்து நிற்கும். பார்க்க வெள்ளை, தொட்டால் வெற்றிலைப்பாக்குக் கடைக்காரரின் பழைய துண்டு.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. பிளீச் காயும் முன் அதன் மேலேயே அமில பிரைட்டனரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1774-ல் ஷீலேயின் மூச்சை அடைத்த அதே வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரு போர்முனையில் ஜெர்மன் படை சிலிண்டர்களைத் திறந்துவிட்டதும் இதைத்தான். ஒன்றைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது, ஒரே வாளியில் இரண்டையும் கலக்கவே கூடாது என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

மூன்றாவது சரக்குக்கு இந்தியாவுக்கு வரவேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர் சோண்டி காமேசம். கரையானும் பூஞ்சையும் மரத்தைத் தின்பதுதான் அவர் முன்னால் இருந்த பிரச்சினை. பூஞ்சைக்குத் தாமிரம், பூச்சிக்கு ஆர்சனிக் என்பது ஓரளவு தெரிந்ததே. ஆனால் இரண்டும் மழையில் கரைந்து போய்விடும். காமேசம் 1933-ல் இவற்றோடு குரோமியத்தைச் சேர்த்தார். ஆறிணைதிறக் குரோமியம் மரத்துக்குள் போனதும் மூவிணைதிறமாக மாறி, மற்ற இரண்டையும் நாரோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. மழை பெய்தாலும் பெரிதாக எதுவும் வெளியே வராது. 'ஆஸ்கு' என்ற பெயரில் வந்த இந்தக் கலவைக்கு 1938-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. முதலில் தொலைபேசிக் கம்பங்களுக்குப் போனது. 1970-களுக்குப் பிறகு டெக் மோகம் பரவியபோது, அமெரிக்காவில் வீட்டு வெளிப்புற வேலைக்கு விற்ற பச்சை சாயல் பைன் பலகைகளில் பெரும்பகுதி இதில் ஊறியவையே. கொல்லைப்புற மேடையில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு டேராடூன் பெயர் தெரிந்திருக்கும்?

நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. மரம் இருபது முப்பது வருடம் உழைத்தது. அந்த அளவுக்குக் காடும் மிஞ்சியது. ஆனால் குரோமியம் போட்ட பூட்டு மழைக்காகப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷும் டப்பாவுமாக வரும் வீட்டுக்காரரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக்சாலிக், சிட்ரிக் போன்ற அமிலங்கள் உலோகத்தைப் பிடித்து இழுப்பவை. அதற்குத்தானே அவற்றை வாங்குவதே. துருவுக்கும் தாமிரத்துக்கும் குரோமியத்துக்கும் அவை வித்தியாசம் பார்ப்பதில்லை, பூட்டு உடைந்தால் ஆர்சனிக்கும் சேர்ந்து வெளியே வரும். பிளீச் இன்னொரு பக்கம். அது மூவிணைதிறக் குரோமியத்தைத் திரும்ப ஆறிணைதிறமாக்கும், அதாவது விஷமுள்ள பழைய வடிவத்துக்கு. பிளீச் ஊற்றிய தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கும் இடம் பெரும்பாலும் குழந்தைகள் விளையாடும் மண்.

2001-ல் ஃப்ளோரிடாவில் இந்த மரத்தால் செய்த விளையாட்டுச் சாதனங்களைச் சுற்றியுள்ள மண்ணில் ஆர்சனிக் இருப்பது பெரிய செய்தியானது. 2002 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் தாமாகவே முன்வந்து, 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு இந்தக் கலவையை நிறுத்துகிறார்கள் என்று. 'தாமாகவே' என்பதைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். வழக்குகள் வாசலில் நின்றன, மாற்றுக் கலவைகள் கிடங்கில் தயாராக இருந்தன.

போட்ட டெக்கை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. தேய்த்துத் தூளாக்காதே, எரிக்காதே, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை ஊறிப் பிடிக்கும் வகைப் பூச்சு அடி, குழந்தைகள் விளையாடியபின் கை கழுவட்டும் என்பது அரசு சொன்ன அறிவுரை. அதோடு பிளீச், காஸ்டிக் சோடா, பெர்கார்பனேட், ஆக்சாலிக், சிட்ரிக் அமிலம் உள்ள டெக் கிளீனர்களைப் பற்றியும் தனியே எச்சரிக்கை இருந்தது. அந்தப் பலகைக்குச் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். சாம்பல் நிறம் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சிவிட்டுப் போகட்டும்.

மருந்து ஏறாத தேவதாரு, ரெட்வுட் டெக் வைத்திருப்பவர்களுக்கு ஆக்சாலிக் அமிலம் இன்றும் நல்ல வேலைக்காரன். கையுறை, கண்ணாடி, டப்பாவில் சொன்ன அளவு, சுற்றியுள்ள செடிகளுக்கு முன்னும் பின்னும் தண்ணீர், பிறகு பலகையைத் தாராளமாகக் கழுவுதல், இவ்வளவு இருந்தால் மைக்கறை மாதிரி இறங்கிய ஆணிக் கறை கண்முன்னே மங்கும்.

2004-க்குப் பிறகு வந்த புதுக் கலவைகளில் ஆர்சனிக் இல்லை. அந்த இடத்தையும் தாமிரமே நிரப்பியது, அளவும் கூடியது. தாமிரம் கூடினால் சாதாரண ஆணி வேகமாக அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணியோ கனமாக நாகம் பூசியதோ அடியுங்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்லவேண்டி வந்தது. அதைக் கேட்காமல் மலிவு ஆணி அடித்தவர்கள் வீட்டுப் பலகைகளில் துருக்கறை மறுபடி இறங்கியது. அவர்கள் கடையில் போய்க் கேட்டதும் பிரைட்டனர்தான்.