கூட்டமில்லாத கடற்கரை

கூட்டம் இல்லாத காலமாகப் பார்த்து, ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வரவேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. புரட்டாசித் தொடக்கத்தில் மாயவரத்தில் பஸ் ஏறித் தரங்கம்பாடியில் போய் இறங்கினேன். 1926-இல் வந்த ரயில் 1986-இல் நின்றுபோனதால் பஸ்தான் கதி.

‘தரங்கம்’ என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்லி மகிழ்கிறோம். பழைய கல்வெட்டில் இருப்பதென்னவோ ‘சடங்கன்பாடி’தான்.

1792-இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. இதல்லவா அமைதி என்று பூரித்துப்போனேன். கடற்கரை டீக்கடைக்காரர் அந்தப் பூரிப்பைக் கலைத்தார்.

“இப்ப எதுக்கு வந்தீங்க ஐயா? ஊர்ல ஈ, காக்கா இல்லியே!”

“அதற்காகத்தானே வந்தேன்!”

“உங்களுக்கு ஓய்வு. எங்களுக்கு யாவாரம் படுத்துப்போச்சுன்னு அர்த்தம்.”

கோட்டைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை.

இந்த ஊர் என்றுமே ஓய்ந்து கிடந்த ஊரல்ல. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழ்க் கடிதம் எழுதினார். அந்த ஏடு இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அவர் இடம் கொடுத்ததால் எழுந்ததுதான் டான்ஸ்பர்க் கோட்டை. மிளகைத் தேடிக் கப்பல்கள் வந்தன. 1706-இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். பிறகு அச்சியந்திரமும் வந்து சேர்ந்தது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் இங்கேதான் அச்சாகி முடிந்தது. அந்த நாளில் எத்தனை சந்தடி இருந்திருக்கும்!

பிறகு டேனியரின் வியாபாரம் நொடித்தது. 1845-இல், வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து, 12½ லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். வீட்டை விற்பதுபோல் ஊரை விற்றார்கள்! வாங்கியவர்கள் ஜில்லாவின் தலைமைக் கச்சேரியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1860-இல் அதுவும் தஞ்சாவூருக்குப் போயிற்று. மறு ஆண்டே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு ரயிலைத் தேடிப் போயிற்று. கப்பல் சரக்கைத் தேடிப் போயிற்று. நான் சிலாகித்த அமைதிக்கு அன்றுதான் அஸ்திவாரம் போட்டார்கள்.

மனிதர்கள் விட்டுவைத்ததைக் கடல் விட்டுவைக்கவில்லை. குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும் பகுதியை அது கரைத்துக்கொண்டு போயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் மீனவர் வீடுகளுக்குள் புகுந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன் பின் வந்த நிசப்தத்தை யார்தான் அமைதி என்று சொல்வார்கள்?

நாம் ஓய்வு தேடி வந்து அனுபவிக்கும் அமைதி, யாரோ பறிகொடுத்த சந்தடி. இதைத் தெரிந்துகொண்ட பின் எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. டீக்கடைக்குத் திரும்பி வந்து, தேவையில்லாமலே இன்னொரு கிளாஸ் டீ வாங்கிக் குடித்தேன்.

“அடுத்த தடவை லீவு நாளில், குடும்பத்தோடு, கூட்டத்தோடு கூட்டமாக வருகிறேன்” என்றேன்.

“வாங்க ஐயா. ஆனா அப்ப உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டிருக்க எனக்கு நேரமிருக்காது!” என்று சிரித்தார்.