மருந்தும் அளவும்: கதிர்த்தொழிற்பாட்டு அயடீனின் வரலாற்றில் ஓர் ஏடு

தைரொயிட்டுச் சுரப்பி குருதியிலுள்ள அயடீனைத் தன்பால் ஈர்த்துச் சேமிக்கும் இயல்பினது. அதில் தோன்றும் புற்றுநோய்க் கலங்களுட் பலவும், உடலில் எங்கு பரவினும், இவ்வியல்பை முற்றாக இழப்பதில்லை. 1943 இல் நியூயோர்க் நகரின் மொண்டிபியோர் வைத்தியசாலையில் சாமுவேல் சைட்லின் என்னும் வைத்தியர், சுரப்பி முன்னரே அகற்றப்பட்டிருந்தும் அதன் மிகைச்சுரப்பால் வாடிய நோயாளி ஒருவருக்குக் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனை அளித்தார். அங்கு சுரந்தவை, உடலிற் பரவியிருந்த புற்றுக் கட்டிகளே. 1946 இல் மரினெல்லி, ஒஷ்ரி ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை வைத்திய உலகில் பெருநம்பிக்கையை விளைத்தது. பத்திரிகைகளோ அம்மருந்தை 'அணுப் பானம்' எனக் கொண்டாடின.

ஆயின், குருதி வழியே செல்லும் மருந்து என்பு மச்சையையும் தாக்காது விடுமா? நீண்டகாலம் பேரளவில் இம்மருந்தைப் பெற்ற நோயாளரிடையே வெண்குருதிப் புற்றுநோய் தோன்றியமையை 1955 இல் உலகுக்கு அறிவித்த ஆய்வாளருள் முதல்வர் அதே சைட்லின் ஆவார். தாம் வளர்த்த சிகிச்சையின் தீங்கைத் தாமே பதிவுசெய்த இந்நேர்மை, முதற் கண்டுபிடிப்பினும் குறைந்ததெனக் கூறற்கியலாது. 1957 இல் றால் குழுவினர் மற்றோர் ஆபத்தை எடுத்துரைத்தனர். நுரையீரலெங்கும் பரவிய கட்டிகள் அயடீனை மிகுதியாக ஈர்க்குமிடத்து, அருகிலுள்ள நல்லிழையமும் அழற்சியுற்றுத் தழும்பேறி, மூச்சையே தடுத்துவிடும். புற்று மருந்தை நன்கு ஏற்பதே அங்கு கேடாய் முடிந்தது.

இவ்வனுபவங்களின் பின்னரே அளவு பற்றிய ஆய்வு வலுப்பெற்றது. நியூயோர்க் மெமோரியல் வைத்தியசாலையைச் சேர்ந்த பெனுவா குழுவினர், குருதி பெறும் கதிர்ப்பு 200 றாட்டைக் கடந்தவிடத்துக் கடுஞ்சிக்கல்கள் மிகுந்தமையை 1962 இல் காட்டினர். 48 மணி நேரத்தின் பின் உடலில் எஞ்சுவது 120 மில்லிகியூரியையும், நுரையீரலெங்கும் நோய் பரவியிருப்பின் 80 மில்லிகியூரியையும் விஞ்சலாகாது என்ற வரம்பும் இவ்வழி வந்ததே. இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் நோயாளர் பட்ட துன்பம் உண்டு.

2003 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று 6,841 நோயாளரை ஆராய்ந்தது. 10,000 பேருக்கு 100 மில்லிகியூரி வீதம் அளிப்பின், பத்தாண்டுகளில் மேலதிகமாக 53 திண்மப் புற்றுநோய்களும் 3 வெண்குருதிப் புற்றுநோய்களும் தோன்றலாமென அது கணித்தது. உயிர்க்கொல்லியாய்ப் பரவிய நோயின் முன் இத்தொகை சிறிதே. சத்திரசிகிச்சையாலேயே குணமடையத்தக்கவருக்கோ அது சிறிதன்று. இத்தகையோருக்கு இம்மருந்தைத் தவிர்த்தும் மூன்றாண்டு முடிவில் பெறுபேறு தாழவில்லையென 2022 இல் பிரான்சிய ஆய்வொன்று நிறுவியது.